திபெத்தியப் படங்களைத் திரையிடுவது எப்படி: நான்கு வாரத் திட்டம்

ஈரான், கொரியா, துருக்கி என்று வரிசை போட்டு முடித்த ஃபிலிம் சொசைட்டிகள் திபெத் பக்கம் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. போஸ்டரில் பனிமலை, பிரார்த்தனைக் கொடி. நோட்டீஸில் "பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான போராட்டம்". படம் முடிந்ததும் "அழகான வாழ்க்கை அழிந்துகொண்டிருக்கிறதே" என்று ஒரு பெருமூச்சு, பிறகு டீ. இந்தப் படங்களில் அப்படி இரண்டு கட்சிகள் எதிரெதிரே நிற்பதே இல்லை. டிவி பார்க்கத் துடிப்பவன் மடத்துப் பையன்தான். மறுபிறவியை நம்புகிற அதே பெண்தான் சுகாதார நிலையத்துக்கும் போகிறாள். இரண்டும் ஒரே வீட்டுக்குள், பல நேரம் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. ஆகவே படத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கலந்துரையாடல் வரைக்கும் நிலக்காட்சியை விட்டுவிட்டுப் பொருளைப் பின்தொடருங்கள். டிவி, மோட்டார் சைக்கிள், அடையாள அட்டை, ஆணுறை, கைக்கடிகாரம். கீழே உள்ள திட்டம் முழுக்க இந்த அடிப்படையில் அமைந்தது.

எந்தப் படங்கள், எந்த வரிசையில்

திபெத்தியர் எடுத்த படங்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, சீன ஆட்சிக்குட்பட்ட திபெத்தியப் பகுதிகள், குறிப்பாக அம்தோ. இன்றைய சிங்ஹாய் மாகாணத்தின் பெரும்பகுதியும் கான்சு, சிச்சுவான் மாகாணங்களின் சில பகுதிகளும் அம்தோவில் அடங்கும். திபெத்தின் தலைநகர் லாசா அங்கே இல்லை. இரண்டாவது, இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழும் அகதிச் சமூகம். முதல் வகைப் படங்கள் சீனத் தணிக்கையைத் தாண்டி வந்தவை. சொல்லவேண்டியதைச் சுற்றிச் சொல்லும். இரண்டாவது வகைக்கு அந்தக் கட்டு கிடையாது. ஒரு வரிசையில் இரண்டும் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் பார்வையாளருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

ஹாலிவுட்டின் திபெத்தை இதில் கலக்காதீர்கள். 1997-இல் வந்த இரண்டு பெரிய படங்களில் ஒன்று ("குன்டுன்") மொராக்கோவிலும் மற்றொன்று ("செவன் இயர்ஸ் இன் திபெத்") பெரும்பாலும் அர்ஜென்டினாவிலும் எடுக்கப்பட்டவை. பார்க்கக் கூடாது என்பதில்லை. ஆனால் முதல் வாரம் அவற்றைப் போட்டால், பார்வையாளர் அடுத்து வருகிற எல்லாப் படத்திலும் அந்தத் திபெத்தையே தேடுவார்.

முதல் வாரத்துக்கு "தி கப்" (1999, 93 நிமிடம்). இயக்கியவர் பூட்டானில் பிறந்த கியென்ட்ஸே நோர்பு. அவரே மறுபிறவி லாமாவாக அடையாளம் காணப்பட்டவர். இமாசலப் பிரதேசத்தில் பீர் என்ற ஊரின் மடத்தில் எடுத்த படம். நடித்தவர்களில் பெரும்பாலோர் உண்மையான மடத்துத் துறவிகள். 1998 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்க மடத்துப் பையன்கள் டிவியும் டிஷ்ஷும் வாடகைக்கு எடுக்கப் பாடுபடுகிறார்கள். கதை அவ்வளவுதான். சிரிக்க வைக்கிற படம் என்பதாலேயே முதலில் வைக்கவேண்டும். திபெத் என்றாலே கைகூப்பி உட்காரும் வழக்கம் பத்தே நிமிடத்தில் கலைந்துவிடும். இதில் பின்தொடரவேண்டிய பொருள் டிவி அல்ல, கைக்கடிகாரம். திபெத்திலிருந்து புதிதாக வந்த சிறுவனுக்கு அவன் அம்மா கொடுத்தது அது. வாடகைப் பணம் குறையும்போது அதைத்தான் கடைக்காரரிடம் ஈடாக வைக்கிறார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கால்பந்துப் பைத்தியமான பையனால் திரையைப் பார்க்க முடியாமல் போவது அந்தக் கடிகாரத்தால்தான்.

இரண்டாவது வாரம் அம்தோவுக்கு. அங்கே பிறந்த திபெத்திய இயக்குநர் பெமா ட்ஸெதெனின் முதல் முழுநீளப் படமான "தி சைலண்ட் ஹோலி ஸ்டோன்ஸ்" (2005, 102 நிமிடம்). இங்கேயும் ஒரு மடத்துச் சிறுவன், இங்கேயும் ஒரு டிவி. புத்தாண்டான லோசருக்கு வீட்டுக்கு வரும் பையனுக்கு டிவியில் ஓடும் "மேற்கு நோக்கிய பயணம்" தொடரின் மீது கண். ஊரில் த்ரிமே குந்தென் நாடகம் நடக்கிறது. கேட்டவருக்கெல்லாம் எல்லாவற்றையும் கொடுத்துவிடும் இளவரசனின் கதை, வெஸ்ஸந்தர ஜாதகத்தின் திபெத்திய வடிவம். பையனின் அண்ணன்தான் இளவரசன் வேடம். பையனின் மனமோ விசிடியில். இங்கே அவசரப்பட்டு "பாரம்பரியம் தோற்றது" என்று எழுதிவிடாதீர்கள். அவன் பார்க்கத் துடிக்கும் சீனத் தொடரே ஒரு பௌத்தத் துறவி குரங்கோடு சேர்ந்து இந்தியாவுக்குச் சுவடி தேடிப்போன கதைதான். அவன் ஆசையாக வைத்திருக்கும் பொம்மை முகமூடியும் அந்தக் குரங்கரசனுடையது. புதுப்பொருள் பழைய கதையோடு வந்து, பக்கத்து மேடையில் நடக்கும் பழைய கதையைத் தள்ளுகிறது. முதல் வாரப் படத்தோடு இதை அடுத்தடுத்து வைப்பதன் பலன் இங்கேதான். பீர் மடத்தில் டிவி வாடகைப் பொருள். ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போகவேண்டியது. அம்தோவில் அது வீட்டு உடைமை. அப்பா அதைக் குதிரையில் ஏற்றி மடத்துக்கே கொண்டுவருகிறார்.

மூன்றாவது வாரம் அவருடைய "தார்லோ" (2015, 123 நிமிடம்), கறுப்பு வெள்ளை. வரிசையின் உச்சம் இதுதான். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவர் அடையாள அட்டை எடுக்கவேண்டும், அதற்குப் போட்டோ வேண்டும். காவல் நிலையத்தில் அவர் மாவோவின் 1944 உரையான "மக்களுக்குச் சேவை செய்" என்பதை ஒரே மூச்சில் மனப்பாடமாக ஒப்பிக்கும் நீண்ட ஷாட்டோடு படம் தொடங்குகிறது. பக்கத்தில் பைக்குள் ஓர் ஆட்டுக்குட்டி. போலீஸ்காரர் அன்பாகத்தான் பேசுகிறார், திபெத்திய மொழியில்தான் பேசுகிறார். வில்லன் என்று யாரும் இல்லாத இந்தக் காட்சியில்தான் படத்தின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. இத்தனையையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர், ஒரு பிளாஸ்டிக் அட்டை இல்லாவிட்டால் யாருமே இல்லை.

அடுத்து வரும் போட்டோ ஸ்டுடியோ காட்சியைக் கலந்துரையாடலுக்கென்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தார்லோ காத்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு தம்பதி படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் தொங்கும் திரை மாறுகிறது: பொட்டாலா அரண்மனை, தியானன்மென் சதுக்கம், கடைசியாக நியூயார்க். உடையும் அதற்கேற்ப மாறுகிறது. வசனம் அதிகம் இல்லாமலேயே லாசா, பெய்ஜிங், அமெரிக்கா மூன்றும் ஒரு சின்னக் கடைக்குள் வந்துபோகின்றன. தார்லோவின் முறை வரும்போது தலைமுடியைக் கழுவிக்கொண்டு வா என்று எதிரே உள்ள முடிதிருத்தும் கடைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்துதான் அவருடைய வாழ்க்கை திசை மாறுகிறது. படத்தில் கண்ணாடிகள் நிறைய. சுவர் எழுத்துக்கள் இடவலம் மாறித் தெரியும் ஷாட்டுகளை உங்கள் புரொஜக்டர் கோளாறு என்று யாராவது எழுந்து வந்து சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

நான்காவது வாரமும் பெமா ட்ஸெதென்தான், "பலூன்" (2019, 102 நிமிடம்). 1990-களின் குடும்பக் கட்டுப்பாட்டுக் காலம். மூன்று மகன்கள் உள்ள ஒரு மேய்ப்பர் குடும்பம். சின்னப் பையன்கள் அம்மா அப்பாவின் ஆணுறையை எடுத்து ஊதி விளையாடுகிறார்கள். முதல் ஷாட்டே அந்த ஊதிய ஆணுறை வழியாக மங்கலாகத் தெரியும் புல்வெளி. இன்னொன்றை அவர்கள் நண்பனிடம் கொடுத்து விசில் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மா கர்ப்பமாகிறாள். தாத்தா இறக்கிறார். அவர் இந்தக் குடும்பத்திலேயே மறுபடி பிறப்பார் என்று லாமா சொல்லிவிடுகிறார். இனி அந்தக் கரு அவளுடையதா, மாமனாருடையதா, அரசாங்கக் கணக்குடையதா? இந்த ஒரு படத்துக்காவது அறிவிப்பில் "18 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்று போடுங்கள். குழந்தைகள் பலூன் ஊதும் ஸ்டில்லை மட்டும் வைத்து விளம்பரம் செய்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அவருடைய "ஓல்ட் டாக்" (2011, 88 நிமிடம்) ஏன் இதில் இல்லை என்று கேட்கலாம். நல்ல படம், மிக நல்ல படம். சீன நகரத்துப் பணக்காரர்கள் திபெத்திய மாஸ்டிஃப் நாய்களைப் பெரிய விலைக்கு வாங்கிய காலத்தில், நாயைத் திருடர்களிடம் இழப்பதற்கு முன் விற்றுவிடலாம் என்று நினைக்கும் மகனுக்கும் விற்கமாட்டேன் என்கிற அப்பாவுக்கும் இடையிலான கதை. ஆனால் நாயின் முடிவு முன்கூட்டியே சொல்லாவிட்டால் அரங்கில் பாதிப் பேரை உடைத்துவிடும். ஐந்தாவது வாரம் வைக்க முடிந்தால் இதை வையுங்கள், முன்னெச்சரிக்கையோடு. முதல் வாரம் வேண்டாம். அடுத்த வாரம் ஆள் வராது.

மாற்றுக்கு வேறு சில. பெமா ட்ஸெதெனின் ஆரம்பப் படங்கள் சிலவற்றுக்கு ஒளிப்பதிவு செய்த சொன்தார் கியால் பிறகு தாமே இயக்குநரானார். அவருடைய "ரிவர்" (2015) ஒரு சிறுமியின் கண்ணால் பார்ப்பது. பள்ளி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அகதிச் சமூகத்திலிருந்து இரண்டாவது படம் வேண்டுமென்றால் ரிது சரின், டென்சிங் சோனம் இருவரும் இயக்கிய "தி ஸ்வீட் ரெக்வியம்" (2018). இவர்கள்தான் 2012-இல் தர்மசாலா சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கியவர்கள்.

பெயர் குழப்பம், உரிமை, அனுமதி

படத்தைத் தேடும்போதே முதல் சிக்கல் வரும். இந்தப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பெயர்: திபெத்தியம், சீனம், ஆங்கிலம். இயக்குநர் பெயரும் அப்படியே. பெமா ட்ஸெதென் சீன ஆவணங்களில் வன்மா ட்ஸாய்தான். சொன்தார் கியால் அங்கே சொங்தாய்ஜியா. விழா அட்டவணைகளில் எந்தப் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் போட்டுத் தேடுங்கள். திபெத்தியப் பெயர்களில் குடும்பப் பெயர் பொதுவாகக் கிடையாது. "திரு. ட்ஸெதென்" என்று சுருக்காமல் முழுப்பெயராகவே எழுதுங்கள்.

2018-இல் வந்த பெமா ட்ஸெதெனின் "ஜின்பா" இன்னும் வேடிக்கை. படத்தின் பெயர் ஜின்பா, நாயக நடிகர் பெயரும் ஜின்பா, கதையில் லாரி ஓட்டுநர் பெயர் ஜின்பா, அவர் வழியில் ஏற்றிக்கொள்பவர் பெயரும் ஜின்பா. நோட்டீஸில் இதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் நிமிடக் கணக்கைச் சரிபாருங்கள். "தி சைலண்ட் ஹோலி ஸ்டோன்ஸ்" படத்துக்கு முன்னோடியாக, ஏறத்தாழ அதே பெயரில் பெமா ட்ஸெதென் மாணவராக எடுத்த குறும்படம் ஒன்று உண்டு. 102 நிமிடம் இல்லையென்றால் வந்தது வேறு படம், அல்லது வெட்டப்பட்ட பிரதி.

டிவிடி வாங்கி வைத்திருப்பது பொதுத் திரையிடல் உரிமை ஆகாது. ஓடிடி சந்தாவும் ஆகாது. ஒவ்வொரு படத்துக்கும் சர்வதேச விற்பனை முகவர் யார் என்று படம் முதலில் போன விழாவின் அட்டவணையில் இருக்கும். அவர்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் ஐந்து விஷயங்கள் இருந்தால் பதில் சீக்கிரம் வரும்: தேதி, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் உண்டா இலவசமா, எத்தனை காட்சி, எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும். "கலாசார நிகழ்ச்சி, லாப நோக்கமற்றது" என்று மூன்று பத்தி எழுதிவிட்டு இருக்கை எண்ணிக்கையை விட்டுவிட்டால் அந்த மின்னஞ்சல் அப்படியே கிடக்கும். குறைந்தது எட்டு வாரம் முன்பே எழுதுங்கள்.

இந்தியாவில் தணிக்கைச் சான்றிதழ் பெறாத வெளிநாட்டுப் படத்தைப் பொதுவில் காட்ட, சினிமட்டோகிராஃப் சட்டத்தின் 9-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசின் விலக்கு தேவை. இந்திய ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள சங்கம் என்றால் நடைமுறையை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கதவில் நின்று வருகிறவர் எல்லோரையும் உள்ளே விடுவதும் உறுப்பினருக்கு மட்டும் காட்டுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

பிரதியும் அரங்கும்

திரையரங்கில் காட்டுவதென்றால் டிசிபி, அதாவது திரையரங்கு சர்வரில் ஓடும் டிஜிட்டல் படத் தொகுப்பு, வரும். அதன் கோப்புப் பெயரையே படிக்கப் பழகுங்கள். எஃப் என்றால் ஃபிளாட் (சாதாரண அகலச் சட்டகம்), எஸ் என்றால் ஸ்கோப் (இன்னும் அகலமானது). மொழிப் பகுதியில் திபெத்தியத்துக்கான ஐஎஸ்ஓ குறியீடு பி-ஓ. அதை அடுத்து வரும் சப்டைட்டில் மொழி சிறிய எழுத்தில் இருந்தால் அது படத்திலேயே எரிக்கப்பட்டது, எடுக்க முடியாது. பெரிய எழுத்தில் இருந்தால் தனிக் கோப்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் தமிழ் சப்டைட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்பது படத்தைத் திறக்காமலேயே தெரிந்துவிடும்.

பூட்டிய டிசிபி என்றால் கேடிஎம் என்னும் சாவிக் கோப்பு தனியாக வரும். அரங்கின் சர்வர் சான்றிதழை அனுப்பினால்தான் அதை உருவாக்கித் தருவார்கள். ஒரு சர்வருக்கான சாவி இன்னொன்றில் வேலை செய்யாது. கடைசி நேரத்தில் பக்கத்து ஸ்கிரீனுக்கு மாற்றினால் படம் ஓடாது என்று பொருள். சாவி திறக்கும் நேரத்தையும் பாருங்கள். மாலை 6 மணி என்று நீங்கள் எழுத, அவர்கள் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டால் நம்மூர்க் கணக்கில் இரவு 11.30-க்குத்தான் திறக்கும். "இந்திய நேரம்" என்று தெளிவாக எழுதி, காட்சிக்கு 24 மணிநேரம் முன்பே திறக்கும்படி கேளுங்கள். அந்த 24 மணிநேரம் சோதனைக்கு.

சோதனையில் மூன்றைப் பாருங்கள். முதலாவது, சட்டகத்தின் அளவு. "ஜின்பா" ஏறத்தாழ சதுரமான பழைய 4:3 வடிவத்தில் எடுத்தது. ஃபிளாட் கொள்கலனில் அதன் இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கவேண்டும். கறுப்பாக இருக்கிறதே என்று ஆபரேட்டர் இழுத்துவிட்டால் ஆள் முகம் பூசணிக்காயாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். 2கே புரொஜக்டரில் 1.37 விகிதப் படத்தின் அகலம் சுமார் 1480 புள்ளி, உயரம் 1080. இதை ஒரு சீட்டில் எழுதி ஆபரேட்டர் அறையில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கறுப்பு வெள்ளை. "தார்லோ" சாதாரண ஹால் புரொஜக்டரில் "டைனமிக்" அல்லது "விவிட்" அமைப்பில் ஓடினால் சாம்பல் நிறங்கள் நீலம் அடிக்கும். "சினிமா" அமைப்புக்கு மாற்றி, வெண்மை வெப்பநிலையை 6500 கெல்வினுக்குக் கொண்டுவாருங்கள். தானாக ஒளி கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இருட்டுக் காட்சிகளில் திரை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் பகல் வெளிச்சம் இருந்தால் இந்தப் படத்தை மாலை 6.30-க்கு முன் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, ஒலி. இங்கேதான் அதிகம் கெடுகிறது. பெமா ட்ஸெதெனின் பல படங்களுக்கு ஒலி வடிவமைத்த துகார் ட்ஸெராங் பெரும்பாலும் பின்னணி இசையை நம்புவதில்லை. தூரத்து மோட்டார் சைக்கிள், பக்கத்து அறை டிவி, தெரு ஒலிபெருக்கி, காற்று, ஆட்டு மந்தை. சட்டகத்துக்குள் பழைய வாழ்க்கை நடந்துகொண்டிருக்கும்போது புதியது காதுவழியாக உள்ளே வருகிறது. "ஓல்ட் டாக்" படத்தில் பாதிக் கதை அப்படித்தான் நடக்கிறது. திரையரங்கு ஒலிக் கருவியில் 7 என்பது தர அளவு. சத்தமான விளம்பரங்களுக்குப் புகார் வந்து வந்து பல அரங்குகளில் அது 4-க்கும் 5-க்கும் இறங்கிக் கிடக்கும். அந்த அளவில் இந்தப் படங்கள் ஊமைப்படம். காலி அரங்கில் 6-இல் தொடங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஏசி இரைச்சலுக்கு மேல் காற்று கேட்டால் போதும். கல்லூரி ஹால் என்றால் மின்விசிறிகளைப் படம் தொடங்கும்போது பாதி வேகத்துக்குக் குறையுங்கள். லேப்டாப்பிலிருந்து ஒலி வருகிறதென்றால் 5.1 தடத்தை இரண்டு ஸ்பீக்கருக்கு மடித்துத் தரும் அமைப்பைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் நடுச் சேனலில் உள்ள பேச்சு காணாமல் போகும்.

தமிழ் சப்டைட்டில்

ஆங்கில சப்டைட்டிலே போதும் என்று விட்டுவிட்டால் அரங்கில் மூன்றில் ஒரு பங்குப் பேர் படத்தைப் படிக்காமல் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, தமிழில் செய்துவிடுங்கள். 100 நிமிடப் படத்துக்கு இருவர் சேர்ந்தால் ஒரு வாரம் ஆகும்.

மூலமாக ஆங்கில எஸ்ஆர்டி கோப்பை (நேரக் குறிப்போடு வரும் சப்டைட்டில் உரைக் கோப்பு) கேட்டு வாங்குங்கள். யூடிஎஃப்-8 வடிவத்தில் சேமியுங்கள்; வேறெதில் சேமித்தாலும் திரையில் கட்டம் கட்டமாக வரும். ஒரு முறைக்கு இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். வரிக்கு 42 எழுத்து என்ற பொதுவிதி லத்தீன் எழுத்துக்கானது. சப்டைட்டில் மென்பொருள் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. நமக்கு ஒரு எழுத்தான "கீ" அதற்கு இரண்டு. அது காட்டும் 42 என்பது நம் கணக்கில் 26 முதல் 28 எழுத்துதான். தமிழ்ச் சொற்களும் நீளம். ஆகவே மொழிபெயர்ப்பதைவிடச் சுருக்குவதுதான் உண்மையான வேலை. ஒரு வரி திரையில் 1 விநாடிக்குக் குறைவாகவோ 7 விநாடிக்கு மேலாகவோ நிற்கக் கூடாது. இந்தப் படங்களில் நீண்ட மௌனம் உண்டு. பேச்சு முடிந்ததும் எழுத்து போய்விடவேண்டும், மௌனத்தின் மீது தொங்கக் கூடாது.

எழுத்து மெல்ல மெல்லப் பின்தங்கினால் காரணம் பெரும்பாலும் ஃபிரேம் வேகம். விநாடிக்கு 24 ஃபிரேம் பிரதிக்குச் செய்த கோப்பை 25 ஃபிரேம் டிவிடியோடு ஓட்டினால், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசிக் காட்சியில் எழுத்து 4 நிமிடம் பின்னால் இருக்கும். எல்லா நேரங்களையும் 0.96-ஆல் பெருக்கினால் சரியாகும். முதல் வரியிலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் அது வேறு நோய். தொடக்க நேரத்தை மட்டும் நகர்த்தினால் போதும்.

சீனமும் ஆங்கிலமும் ஏற்கெனவே அடியில் எரிக்கப்பட்ட பிரதி வந்தால் தமிழை அதன் மேல் ஏற்றாதீர்கள். திரையின் மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள், அல்லது படத்துக்குக் கீழே உள்ள கறுப்புப் பட்டையில் வையுங்கள். பழைய பிளேயர் மென்பொருள்களில் "கொ", "கோ" போன்ற எழுத்துகளின் கொம்பு தனியே கழன்று விழும். "போகிறோம், கொடுத்துவிடு, மேய்ப்போம்" என்று மூன்று சொல்லை முதல் வரியாக வைத்து ஓட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மொழியில் கவனிக்கவேண்டியது மரியாதை. ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே "யூ". நாம் ஒவ்வொரு வரியிலும் நீ, நீங்கள் என்று முடிவெடுத்தாகவேண்டும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மறுபிறவி லாமா என்று ஏற்கப்பட்டவர் எட்டு வயதுப் பையனாக இருந்தாலும் பெரியவர்கள் "நீங்கள்" என்றுதான் பேசவேண்டும். ஆனால் அவனோடு விளையாடும் சக மடத்துப் பையன் தனிமையில் எப்படிப் பேசுகிறான் என்பதைக் காட்சியின் தொனியைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். அம்தோவில் துறவியை "அக்கு" என்று அழைப்பார்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். "அமா", "அபா" என்று கேட்கும் இடங்களில் எழுத்தே தேவையில்லை, நம் அரங்குக்குப் புரியும். மணிக்கல் (மந்திரம் செதுக்கிய கல்), லோசர் போன்றவற்றுக்கு அடைப்புக்குறி விளக்கம் போட்டு வரியை நிரப்பாதீர்கள்; கதவில் தரும் தாளில் ஐந்தாறு சொல்லுக்கு விளக்கம் கொடுத்தால் போதும்.

எந்த மொழி பேசுகிறார்கள் என்பதையும் காட்டவேண்டும். இந்தப் படங்களில் பாத்திரங்கள் சில இடங்களில் சீனத்துக்கு மாறுவார்கள். நம் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சீன வரிகளைச் சாய்வெழுத்தில் போடுங்கள், அதைத் தொடக்கத்தில் ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள். யார் எந்த இடத்தில் மொழி மாறுகிறார்கள் என்பது இந்தப் படங்களில் கதையின் பகுதி. பீர், தர்மசாலா படங்களில் அந்த இடத்தில் இந்தி வரும். அங்கேயும் இதே முறைதான்.

முன்னுரையும் கலந்துரையாடலும்

முன்னுரை 5 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். பெமா ட்ஸெதென் பற்றி ஐந்து செய்தி போதும்: 1969-இல் அம்தோவில் பிறந்தவர், திரைப்படத்துக்கு முன் சிறுகதை எழுத்தாளர், திபெத்தியத்திலும் சீனத்திலும் எழுதியவர், பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் படித்த முதல் திபெத்தியர், 2023 மே 8-ஆம் தேதி 53 வயதில் காலமானார். பிறகு தணிக்கை பற்றி ஒரு வாக்கியம்: வசனம் திபெத்தியமாக இருந்தாலும் திரைக்கதையைச் சீன மொழியில் கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும். இதைச் சொல்லிவிட்டால், படத்தில் எது சொல்லப்படவில்லை என்று பார்வையாளரே தேட ஆரம்பிப்பார். முன்னுரையிலேயே திபெத்தின் அரசியல் வரலாற்றை 1950-இலிருந்து சொல்லத் தொடங்கினால், அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டியைக்கூட யாரும் ஆட்டுக்குட்டியாகப் பார்க்கமாட்டார்கள்.

கதவில் ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும் கொடுங்கள். தாளில் மூன்று கட்டம்: பொருள், முதலில் யார் கையில், கடைசியில் யார் கையில். படம் ஓடும்போது எழுதச் சொல்லாதீர்கள். விளக்கு வந்ததும் 3 நிமிடம் கொடுங்கள். பிறகு "படம் எப்படி" என்று கேட்காமல், "முதல் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்" என்று கேளுங்கள். "பலூன்" படத்துக்கு ஒருவர் விசில் என்பார், ஒருவர் கிடா என்பார், ஒருவர் சிவப்புப் பலூன் என்பார், ஆணுறை என்று சொல்ல ஒருவர் தயங்குவார். அந்தத் தயக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். படத்தில் வரும் தாயும் சுகாதார நிலையத்தில் அதே தயக்கத்தோடுதான் நிற்கிறாள். அடுத்த கேள்வி, அந்தப் பொருளை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது. இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது "புதுமை வெளியிலிருந்து வந்து திணிக்கப்பட்டது" என்ற பேச்சு பாதிப் படங்களுக்குப் பொருந்தாது என்று அரங்கே கண்டுபிடித்துவிடும். மீதிப் பாதிக்கு ஏன் பொருந்துகிறது என்பதுதான் பேசவேண்டியது. அடையாள அட்டையைத் தார்லோ கேட்கவில்லை.

யாராவது ஒருவர் நிச்சயம் "நம்மூரிலும் இதேதான்" என்பார். தடுக்கவேண்டாம், ஆனால் உடனே "எந்தக் காட்சியில்" என்று கேளுங்கள். காட்சியைச் சொல்ல முடிந்தால் பேச்சு படத்துக்குத் திரும்பும்.

நேரக் கணக்கு இப்படி: "தார்லோ" நாளன்று படம் 123, முன்னுரை 5, கலந்துரையாடல் 30, உள்ளே வர வெளியே போக 15. மொத்தம் 173 நிமிடம். ஹாலை மூன்று மணிநேரத்துக்கு எடுங்கள். இரண்டரைக்கு எடுத்தால் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து நிற்கும்போது பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

காட்சி முடிந்த மறுநாள் சர்வரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் கோப்பை நீக்குங்கள்; ஹார்ட் டிஸ்க் வந்தது என்றால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களின் தலைக்கணக்கை முகவருக்கு எழுதுங்கள், 34 பேர்தான் வந்தார்கள் என்றாலும் 34 என்றே. செய்த தமிழ் சப்டைட்டில் கோப்பையும் இணைத்து அனுப்பிவிடுங்கள். அடுத்து வேறொரு ஊர்க்காரர் அதே படத்தைக் கேட்கும்போது அது முகவரிடமே இருக்கும்.